பத்து வாரம் ஹவாய் மொழி ஆன்லைன் கிளாஸ்: குடுத்த காசுக்கு தேறுமா?

மொதல்லயே மார்க் போட்டுடறேன், அஞ்சுக்கு நாலு. டீச்சருக்கு மட்டும்னா அஞ்சுக்கு ஆறு கூட போடுவேன், கிளாஸ் நடத்தற கம்பெனியோட வெப்சைட்டுக்கு ஒண்ணு போடறதே பெருந்தன்மை, ரெண்டையும் கூட்டிக் கழிச்சு நாலு. கம்பெனி பேர இங்க போடல, கீழ கொஞ்சம் திட்டிருக்கேன். இந்த மாதிரி கிளாஸ் வேற பேரும் நடத்தறாங்க, எங்க சேர்ந்தாலும் எதெல்லாம் பாத்து சேரணும்னு தெரிஞ்சா போதும்ல.

விவரம் இதுதான். பத்து வாரம், செவ்வாய்க்கிழமை மட்டும், ஜூம்ல ஒண்ணரை மணி நேரம், 180 டாலர். கூட ஒரு மொழி ஆப் மூணு மாசத்துக்கு ஃப்ரீ, தபால்ல ஒரு பாடப்புத்தகம் (அது நாலாவது வாரம் தான் வந்துச்சு, அதுவரைக்கும் பிடிஎஃப் வச்சு ஓட்டினோம்). எங்க பேட்ச்ல 14 பேர், பாதிப் பேர் ஹவாய் வம்சாவளி, தாத்தா பாட்டி காலத்துல தீவ விட்டு மெயின்லேண்ட் அமெரிக்காவுக்கு வந்து மொழி விட்டுப் போனவங்க. மீதி என்னை மாதிரி சும்மா வந்தவங்க. நான் இருக்கறது கலிபோர்னியா, சொந்த ஊர் மதுரை பக்கம்.

"உனக்கெதுக்குடா ஹவாய் பாஷை, உன் பொண்ணு தமிழ்லயே தடுமாறுது"ன்னு அம்மா போன்ல கேட்டாங்க. நியாயமான கேள்வி தான், ஆனா கதை ஒண்ணு இருக்கு. ஹவாய் தீவுக் கூட்டத்துல கவாய்ங்கற தீவுல ஒரு சைவ ஆதீனம் இருக்குன்னு சில பேருக்கு தெரிஞ்சிருக்கும், யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள்கிட்ட தீட்சை வாங்கின ஒரு அமெரிக்க சாமியார் 1970ல ஆரம்பிச்சது, அங்க கருங்கல்லுல இறைவன் கோயில் கட்டி 2023 மார்ச்ல கும்பாபிஷேகம் பண்ணாங்க. அடுத்த வருஷம் குடும்பத்தோட போயிருந்தோம். சாமி கும்புட்டு வெளிய வந்தா அந்த பக்கம் ஓடுற ஆத்து பேரு வைலுவா. கார்ல போற வழி பூரா போர்டுல வைமேயா, வைபோலி, வை'அலெ'அலெனு ஒரே வை மயம். பொண்ணு கேட்டா, "அப்பா, ஏன் எல்லா பேரும் வை வைனே ஆரம்பிக்குது"ன்னு. ரோட்டோரம் எளனி வித்துக்கிட்டு இருந்த ஒரு அம்மா சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, வைனா நல்ல தண்ணி, கடல் தண்ணிக்கு கை. அவ்ளோ தான், அன்னிக்கு ராத்திரி ஹோட்டல்ல உக்காந்து கிளாஸ் தேட ஆரம்பிச்சேன்.

மொத கிளாஸ்லயே டீச்சர் என்னை கவுத்துட்டாங்க. டீச்சர்னு சொல்லக் கூடாது, குமு. குமுனா மரத்தோட அடிமரம்னும் அர்த்தம், ஒண்ணு எங்கேர்ந்து தொடங்குதோ அந்த மூலம்னும் அர்த்தம், வாத்தியார்னும் அர்த்தம். எல்லாரும் பேர் சொல்லுங்கன்னு கேட்டாங்க, பேருக்கு அவங்க வார்த்தை இனோவா (கார் இல்ல). உன் பேர் என்னன்னு கேக்கறப்ப "வை"னு ஒரு கேள்விச் சொல் வருது, அதுக்கு யாருன்னு அர்த்தம். அதே வை தான் தண்ணிக்கும். அதனால நீ யாருன்னு கேட்டா உன் தண்ணி எதுன்னு கேக்கற மாதிரியும் காதுல விழும்னு சொல்லிட்டு, சரி எல்லாரும் உங்க ஊர் தண்ணி எதுன்னு சொல்லுங்கன்னாங்க. டெக்சாஸ்காரர் ஒருத்தர் முனிசிபாலிட்டி பைப்புன்னார். நான் வைகைனு சொன்னேன்.

குமு ஒரு செகண்ட் நிறுத்திட்டு, திரும்பச் சொல்லுன்னாங்க. வை, கை. நல்ல தண்ணி, கடல் தண்ணி. "ஆறு பொறந்து கடல்ல போய் சேர்ற கதை மொத்தமும் பேர்லயே இருக்கே"னு அவங்களுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல, எங்க ஆறு கடலுக்கு போறதே அபூர்வம், முக்காவாசி ராமநாதபுரம் பெரிய கண்மாயோட நின்னுடும், பேர்ல தான் வை இருக்கு ஆத்துல பல மாசம் வை கெடையாதுன்னு அரைகொறை இங்கிலீஷ்ல விளக்கினேன். ரெண்டு பேச்சும் தற்செயலா ஒத்துப் போச்சு, அதுக்கும் இதுக்கும் சொந்தம் ஒண்ணும் இல்ல, யாரும் குமரிக்கண்டம்னு கிளம்பிடாதீங்க. ஆனா அன்னிலேர்ந்து கிளாஸ்ல எனக்கு பேரே வைகை ஆயிடுச்சு.

இப்ப பாடத்துக்கு வரேன். மொத்த எழுத்து 13. அஞ்சு உயிர், எட்டு மெய், முடிஞ்சுது. 247 எழுத்து மனப்பாடம் பண்ணவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி. உயிர் மேல ஒரு கோடு போட்டா நெடில், அதுக்கு கஹகோனு பேரு. எட்டாவது மெய் தான் சுவாரசியம், ஒகினானு ஒரு குட்டி கொக்கி, தொண்டைய டப்புன்னு அடைச்சு திறக்கற சத்தம், வேணாம்ங்கறதுக்கு நாம வாயத் தெறக்காம "ம்ம்-ம்"னு சொல்லுவோம் பாருங்க, நடுவுல ஒரு அடைப்பு வருமே அது. இந்த கோட்டையும் கொக்கியையும் விட்டா அர்த்தம் மாறிப் போகும். நான் நோட்ஸ் எல்லாத்தையும் தமிழ் எழுத்துல தான் எடுத்தேன், பாருங்க எவ்ளோ அழகா ஒக்காருதுன்னு: பௌனா முடிஞ்சுது, ப'உனா கரி, ப'ஊனா ஈரம், பா'ஊனா பாவாடை. இங்கிலீஷ்ல நோட்ஸ் எடுத்தவங்க பூராப் பேரும் அஞ்சாவது வாரம் வரைக்கும் ஈரத்தையும் பாவாடையையும் போட்டு குழப்பிக்கிட்டு இருந்தாங்க.

இந்த எழுத்துக்கும் ஒரு கதை இருக்கு. 1820ல மிஷனரிங்க வந்து பேச்ச எழுத்துல புடிக்க பாத்தாங்க, ஒரே வார்த்தைய ஒருத்தர் ககரம் வச்சு சொல்றார் இன்னொருத்தர் தகரம் வச்சு சொல்றார், லகரமா ரகரமான்னும் தெரியல. 1826ல ஓட்டு போட்டு கூடுதலா இருந்த எழுத்தெல்லாம் தூக்கிட்டாங்க. அதான் உலகமே டாரோன்னு சொல்ற கெழங்கு ஹவாய்ல கலோ.

ரெண்டாவது மூணாவது வாரம் பிரதிப்பெயர். இங்க தான் எனக்கு ஒரு நாள் ராஜா வாழ்க்கை. இங்கிலீஷ்ல வீன்னு ஒரே வார்த்தை, ஹவாய் மொழில நீங்களும் சேந்தா காக்கோவ், நீங்க இல்லாம நாங்க மட்டும்னா மாக்கோவ். நாம, நாங்க. அவ்ளோ தானேன்னு நான் ஒக்காந்துட்டேன், மத்தவங்களுக்கு வட்டம் வட்டமா படம் போட்டு, உள்ள யாரு வெளிய யாருன்னு அம்புக்குறி போட்டு, ரெண்டு வாரம் ஓடுச்சு. ஆனா ரெண்டே பேர்னா அதுக்குத் தனி: நீயும் நானும்னா காவ்அ, நானும் இன்னொருத்தரும் நீ இல்லாமன்னா மாவ்அ. அது நமக்கு இல்ல, அதுக்கு மட்டும் நானும் கொஞ்சம் முழிச்சேன். என் குறை என்னன்னா, உலகத்துல எவ்ளோ மொழிக்காரங்களுக்கு இந்த நாம-நாங்க பிரிவு தாய்ப்பாலோட வந்திருக்கு, ஆனா பாடப்புத்தகம் பூரா இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவனுக்குன்னு எழுதி வச்சிருக்கு. ஒரு வரி போட்டிருக்கலாம்.

அடுத்தது வந்துச்சு பாருங்க, என் கொட்டத்த அடக்கினது. "என்"ங்கறதுக்கு ரெண்டு சொல். க'உ, கோ'உ. நானா தேடிக்கிட்டது, நான் உண்டாக்கினதுக்கெல்லாம் க'உ: என் புள்ள, என் பொண்டாட்டி, என் சாப்பாடு, என் புஸ்தகம், என் காசு. எனக்கு முன்னாடியே இருந்தது, என்னைத் தாங்கறது, நான் உள்ள ஏறி ஒக்கார்றதுக்கெல்லாம் கோ'உ: என் அம்மா அப்பா, கூடப் பொறந்தவங்க, என் ஒடம்பு, என் பேரு, என் நெலம், என் வீடு, என் படகு, போட்டிருக்கற சட்டை. கார் கூட கோ'உ தான், படகு மாதிரி ஏறி ஒக்கார்றோம்ல. பொண்டாட்டி க'உ, மாமியார் கோ'உ, ஏன்னா மாமியார நீங்க தேர்ந்தெடுக்கல, அவங்க அங்க இருந்தாங்கன்னு குமு சொன்னப்ப கிளாஸே சிரிச்சுது, பக்கத்து ரூம்லேர்ந்து என் வீட்டுக்காரம்மாவும் எட்டிப் பாத்தாங்க. யோசிச்சா இது இலக்கணம் மாதிரியே தெரியல, எது உன் கையில, எது உன் கையில இல்லன்னு ஒவ்வொரு வாக்கியத்துலயும் முடிவு பண்ணிட்டுத் தான் வாயத் தெறக்கணும். நெலம் கோ'உ. என் நெலம்னு சொல்றப்பவே அது உனக்கு முன்னாடி இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டு தான் சொல்ற.

மொத டெஸ்ட்ல எனக்கு 20க்கு 9. இதுல என் தப்பு ஏழு தான், மீதி நாலு வெப்சைட் பண்ண வேலை. ஒகினாங்கற கொக்கி தனி எழுத்து, சாதாரண கீபோர்டுல கெடையாது, நான் மேற்கோள் குறி போட்டு அடிச்சேன், தப்புன்னு சிவப்புல காட்டிருச்சு. விடை சரியே தான், கொக்கி மட்டும் வளையல. மொபைல்ல தெறந்தா அந்த எழுத்து வர்ற எடமெல்லாம் கட்டம் கட்டமா வேற தெரியும். சப்போர்ட்டுக்கு மெயில் போட்டா மூணு நாள் கழிச்சு பிரவுசர மாத்திப் பாருங்கன்னு ஒரு வரி. ஒரு மொழியச் சொல்லிக்குடுக்கறேன்னு காசு வாங்கறவங்க, அந்த மொழியோட 13 எழுத்துல ஒண்ண ஒழுங்கா காட்ட முடியாம இருக்கறது என்னைய்யா நியாயம். 247ம் வேணும்னு கேட்டோமா. குமுகிட்ட சொன்னேன், அவங்க கையாலயே மார்க்க திருத்திட்டாங்க, ஒவ்வொரு பேட்ச்லயும் இதே வேலையாம்.

கூட ஃப்ரீயா குடுத்த ஆப்ப பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, அஞ்சு நாள்ல அழிச்சுட்டேன். கடற்கரை, அலைச்சறுக்கு, பூமாலை, அன்னாசிப்பழம். அன்னாசிக்கு அவங்க வார்த்தை ஹலாகாஹிகி, ஹலானா தாழை, காஹிகினா சீமைனு வச்சுக்கோங்க, ஆக சீமைத் தாழை. மொத பாடத்துல அது வருது, கலோ பதினாறாவது பாடத்துல. இதுல என்ன வயித்தெரிச்சல்னா, 1896ல பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் தான் பாடமொழின்னு சட்டம் போட்ட ஹவாய் குடியரசுக்கு அதிபரா இருந்தவர் சான்போர்ட் டோல், கொஞ்ச வருஷம் கழிச்சு அன்னாசி வியாபாரத்துல கொடி கட்டின ஜேம்ஸ் டோல் அவருக்கு சொந்தக்காரர். மொழிய தூக்கின குடும்பத்துப் பழத்த வச்சு அதே மொழிய எனக்கு சொல்லித் தருது ஆப்பு. இத ஆப் பண்ணவங்க யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க, அதான் பிரச்சனையே.

அஞ்சாவது வாரம் குமு ஒரு மணி நேரம் இங்கிலீஷ்லயே பேசினாங்க. மூணாவது வாரத்துலேர்ந்து மொத அரை மணி நேரம் ஹவாய் மொழி தவிர எதுவும் பேச மாட்டாங்க, அன்னிக்கு மட்டும் விதிவிலக்கு. 1834லயே லஹைனாலுனா பள்ளிக்கூடத்துல ஹவாய் மொழில பத்திரிகை அச்சடிச்சிருக்காங்க. அதுலேர்ந்து 1948 வரைக்கும் நூத்துக்கும் மேல பத்திரிகை வந்திருக்கு, அவ்ளோ சின்ன ஜனத்தொகைக்கு. 1893ல ஹவாய் ராணி லிலியுஒகலானிய ஆட்சிலேர்ந்து எறக்கிட்டாங்க, மூணு வருஷத்துல அந்த 1896 சட்டம், 1898ல அமெரிக்கா சேத்துக்கிச்சு. தடை பள்ளிக்கூடத்துக்கு தான், ஆனா ஸ்கூல்ல பேசினா அடி, அடி வாங்கின புள்ளைங்க வளந்து அம்மா ஆனப்ப தன் புள்ளைக்கு அந்த அடி வேணாம்னு வாய மூடிக்கிட்டாங்க. குமுவோட பாட்டிக்கு மொழி நல்லாத் தெரியுமாம், பேரப்புள்ளைங்க ரூமுக்குள்ள வந்தா பேச்ச இங்கிலீஷுக்கு மாத்திடுவாங்களாம். இத அவங்க ரொம்ப சாதாரணமா சொன்னாங்க, டீ குடிச்சுக்கிட்டே.

1978ல மாநில அரசியலமைப்புல ஆட்சிமொழி ஆக்கினாங்க, ஆனா பள்ளிக்கூடத்துல பாடமொழியா வைக்கறதுக்கு பழைய சட்டம் குறுக்க நின்னுச்சு. நியூசிலாந்துல மாவோரிக்காரங்க 1982ல ஆரம்பிச்ச பாலர் பள்ளிய பாத்துட்டு 1983ல இவங்க பூனானா லியோனு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, பூனானானா கூடு, லியோனா குரல், பேச்சு. பேச்சுக்கூடு. 1984ல மொத பள்ளி எங்க தெரியுமா, அதே கவாய் தீவுல, கெகஹாங்கற ஊர்ல. 1986ல சட்டத்த மாத்தினாங்க, 1987ல ஹீலோ கிட்ட ஒண்ணும் ஓவாஹு தீவுல ஒண்ணும்னு அரசுப் பள்ளில முழுக்க ஹவாய் மொழி வகுப்பு தொடங்குச்சு, கணக்கு அறிவியல் எல்லாமே அதுல தான், இங்கிலீஷ் அஞ்சாம் வகுப்புல ஒரு பாடமா வரும். 1999ல மொத செட்டு பிளஸ் டூ முடிச்சு வெளிய வந்துச்சு.

எல்லாம் சுபம்னு நெனைக்காதீங்க. 2018ல மௌயி தீவுல ஒரு பேராசிரியர் கோர்ட்டுல ஹவாய் மொழில தான் பதில் சொல்லுவேன்னு நின்னார். கண்ணெதிர நிக்கிறார், பேரச் சொல்லிக் கூப்டா பதில் சொல்றார், ஜட்ஜு ஆள் ஆஜராகலன்னு எழுதி வாரண்ட் போட்டார். மறுநாளே வாரண்ட வாபஸ் வாங்கினாங்க. ஆட்சிமொழிக்கு அந்த மரியாதை. அதுக்கு அடுத்த வருஷம் லானாய்ங்கற சின்ன தீவுல ஒரு தாய் என் புள்ளைங்களுக்கு ஹவாய் மொழில படிக்க வழி இல்லன்னு முன்னாடியே போட்டிருந்த கேஸ்ல, அதுக்கு நியாயமான முயற்சி எடுக்க அரசு கடமைப்பட்டிருக்குன்னு மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பு குடுத்துச்சு. தீர்ப்பு வந்தா போதுமா, டீச்சர் வேணுமே, எங்க குமு மாதிரி ஆளுங்க பகல்ல ஸ்கூலும் ராத்திரி ஜூமும்னு ஓடிக்கிட்டு இருக்காங்க.

இந்த கிளாஸ்ல எனக்கு ரொம்பப் புடிச்சது ஹோம்வொர்க் தான், சத்தியமா. பழைய பத்திரிகையோட ஸ்கேன் பக்கத்துலேர்ந்து பத்து வரி பாத்து டைப் பண்ணிட்டு வரணும், அர்த்தம் தெரியலன்னாலும் பரவால்ல. 2011, 12ல ஆயிரக்கணக்கான ஜனங்க வீட்டுல ஒக்காந்து இதே வேலைய இலவசமா பண்ணிருக்காங்க, அதனால தான் பழைய பத்திரிகைல இன்னிக்கு வார்த்தை போட்டுத் தேட முடியுது. எனக்கு வந்தது ஒரு கனிகௌ. அப்படின்னா ஒப்பாரி. அந்தக் காலத்துல செத்தவங்களுக்கு ஒப்பாரி எழுதி பத்திரிகைக்கு அனுப்பிடுவாங்களாம், புருஷனும் பொண்டாட்டியுமா எந்தெந்த ஊர்ல நடந்தோம், எந்த மழைல நனைஞ்சோம், எந்தக் காத்துல நடுங்கினோம்னு வரிசையா வரும். மழைக்கும் காத்துக்கும் ஊருக்கு ஊர் தனிப்பேர் இருக்கு, ஹீலோல பெய்யற மழை கனிலெஹுவா, ஹொனலுலு பக்கம் மானோவால பெய்யற மழை துவாஹினே. எங்க ஆத்தா சாவுல கெழவிங்க ஒக்காந்து ஒவ்வொரு வயலா பேர் சொல்லி அழுதது ஞாபகத்துக்கு வந்துருச்சு, பத்து வரிக்கு பதிலா இருவத்தி நாலு வரி அடிச்சுட்டேன். ராத்திரி ஒரு மணி.

இது வெறும் ஒப்பாரி ரசனை மட்டும் இல்ல. எரிமலை உசரம் தடுக்கறதால ஹவாய்ங்கற பேர்லயே இருக்கற பெரிய தீவுக்கு பெரும்புயல் வராதுன்னு ரொம்ப நாளா ஒரு நம்பிக்கை. 1871 ஆகஸ்ட் 9ல வந்த புயல் வீடு மரமெல்லாம் புடுங்கிப் போட்டத ஊர்க்காரங்க ஹவாய் மொழிப் பத்திரிகைக்கு விலாவாரியா எழுதிருக்காங்க. எந்த நேரத்துக்கு காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து திரும்புச்சுன்னு கூட. அத வச்சு தான் 2018ல விஞ்ஞானிங்க அந்தப் புயலோட பாதைய கணக்குப் போட்டாங்க. நூத்தி நாப்பது வருஷத்துக்கு மேல பேப்பர்ல கெடந்திருக்கு, வாசிக்க ஆள் தான் இல்ல.

ஏழாவது வாரம் கலோ வாரம். கலோனா நம்ம சேப்பங்கெழங்கு குடும்பம் தான், எலய பாத்தீங்கன்னா சொல்லிடுவீங்க. குமு லேப்டாப்ப தூக்கிட்டு தோட்டத்துக்கே போயிட்டாங்க. தண்ணி நிக்கிற வயல் லோ'இ, அதுக்கு தண்ணி வர்ற வாய்க்கா ஔவை. நெஜமா ஔவைன்னே தான் காதுல விழுது, வரப்பு உயரணும்னு வாழ்த்தின பாட்டி பேரு வாய்க்காலுக்கான்னு எனக்குள்ளயே சிரிச்சுக்கிட்டேன், குமுகிட்ட சொல்லல, ஏற்கனவே வைகை போதும். வைவைனு ரெண்டு தடவ சொன்னா சொத்துன்னு அர்த்தம். தண்ணி தண்ணி, அது தான் பணக்காரன். தாய்க்கெழங்க சுத்தி முளைக்கற குட்டிக்கு ஓஹா, அதுலேர்ந்து வந்தது தான் ஓஹானா, குடும்பம். வாழையடி வாழைனு நம்ம வீட்டு பத்திரிகைல போடற அதே நெனப்பு. மொதல்ல பொறந்த குழந்தை செத்துப் பொறந்துச்சு, அத புதைச்ச எடத்துல மொளைச்சது கலோ, அதுக்கப்புறம் பொறந்த தம்பி தான் மனுஷன், ரெண்டு பேருக்கும் பேரு ஹாலோவா. அதனால கலோ அண்ணன், நாம தம்பி, தம்பி அண்ணனுக்கு தண்ணி விடணும், அண்ணன் தம்பிக்கு சோறு போடுவான். ஆப்ல பதினாறாவது பாடத்துல "கலோ = ஒரு கிழங்கு"னு படம் போட்டு தாண்டிப் போன சமாச்சாரம் இது.

வானம் பத்தின வாரம் கொஞ்சம் அவசரமா ஓடிருச்சு, அது ஒரு குறை. மாசத்துல முப்பது ராத்திரிக்கும் தனித்தனிப் பேரு, நம்ம திதி மாதிரி. அதுல ஓலேன்னு வர்ற ராத்திரிங்க நடவுக்கும் ஆவாது மீன் புடிக்கவும் ஆவாது, ஓலேன்னாலே இல்லைன்னு தான் அர்த்தம். எங்க வீட்டு அஷ்டமி நவமி. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்கு அவங்க பேரு மகாலி'இ, அது சாயங்காலம் கெழக்க கெளம்பறப்ப, அதாவது சரியா நம்ம கார்த்திகை மாசத்த ஒட்டி, நாலு மாசத்துக்கு மகாஹிகி, சண்டை கூடாது, வெளையாட்டும் வரி வசூலும். 1976ல நட்சத்திரத்த மட்டும் வச்சு தஹீத்தி தீவு வரை போன பாய்மரப் படகு ஒண்ணு இருக்கு, பேரு ஹோகூலே'அ, அது நம்ம சுவாதி நட்சத்திரத்தோட பேரு, ஹவாய்க்கு நேர் உச்சில வர்ற நட்சத்திரம். அப்ப வழிகாட்ட ஹவாய்ல ஆள் மிச்சம் இல்லாம மைக்ரோனீசியாலேர்ந்து மௌ பியைலுக்னு ஒருத்தர கூட்டிட்டு வந்தாங்க, அப்புறம் அவர்கிட்ட கத்துக்கிட்டு 1980ல நைனோவா தாம்சன் தானே ஓட்டிட்டுப் போனார். இத பத்தி மூணு வாரம் பேசலாம், இருபது நிமிஷத்துல முடிச்சாங்க. சிலபஸ் கம்பெனி போடறதாம்.

திசை மட்டும் மனசுல ஒட்டிக்கிச்சு. தீவுல வழி சொல்றப்ப மௌகா, மகாய்: மலைப்பக்கம், கடல்பக்கம். கடைக்கு மௌகா பக்கம் நிறுத்துன்னு சொல்லுவாங்களாம். கிளாஸ்ல எல்லாருக்கும் இது வேடிக்கையா இருந்துச்சு, எனக்கு இல்ல, மேக்க மலை இருக்கறதால மேற்கு, கெழக்க சரிஞ்சு கீழ போறதால கிழக்கு, நாமளும் மௌகா மகாய்னு தான் இத்தன வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கோம், யாரும் சொல்லித் தரல. இப்ப என் பொண்ணு பார்க்கிங்ல "அப்பா, மகாய் சைடு எடம் இருக்கு"ங்கறா. தமிழ் வாரப்பள்ளில கிழக்குன்னு எழுதச் சொன்னா ழகரத்துல முட்டுது, இது மட்டும் வருது.

சேர்றவங்களுக்கு சில விஷயம். கிளாஸ் நேரம் ஹவாய் நேரம், அங்க கடிகாரத்த மாத்தற வழக்கம் இல்ல, மார்ச்ல நம்ம பக்கம் ஒரு மணி நேரம் தள்ளி வைக்கறப்ப நான் எட்டு மணிக்கே ஜூம்ல போய் தனியா ஒரு மணி நேரம் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன், நினைவூட்டல் மெயிலும் பழைய நேரத்தையே காட்டுச்சு. ரெக்கார்டிங் ஏழு நாள்ல அழிஞ்சுடும், அன்னிக்கே பாத்துடுங்க. ஆப் வேணாம், அதுக்கு பதிலா வெஹெவெஹெங்கற ஆன்லைன் அகராதியும் உலுகௌங்கற மின்நூலகமும் இலவசம், ரெண்டும் அருமை, நான் தினமும் தெறக்கறேன். உயிலாங்கற வார்த்தைய தேடினா மின்னல்னும் போட்டிருக்கு மின்சாரம்னும் போட்டிருக்கு, நம்ம ஆளுங்க மின்னலேர்ந்து மின்சாரம் பண்ண மாதிரியே. 1987லேர்ந்து புதுச்சொல் உருவாக்க ஒரு குழுவே வச்சிருக்காங்க, மூளைக்கு லோலோ, கம்ப்யூட்டருக்கு லோலோஉயிலா, மின்மூளை. கணினியா கணிப்பொறியான்னு சண்டை போட்டவங்களுக்கு இது புடிக்கும்.

டூர் போறதுக்கு நாலு வார்த்தை தெரிஞ்சா போதும்னு நெனைக்கறவங்க 180 டாலர செலவழிக்காதீங்க, அதுக்கு யூடியூப் போதும். இன்னொண்ணு, எங்க பேட்ச்ல எடம் கெடைக்காம காத்திருப்புப் பட்டியல்ல ஹவாய் வம்சாவளிக்காரங்க ஏழெட்டு பேர் இருந்தாங்கன்னு எட்டாவது வாரம் தான் தெரிஞ்சுது. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, குமுகிட்ட தனியா கேட்டேன், நான் ஒதுங்கிக்கட்டுமான்னு. எடத்த அடைச்சுட்டு தூங்கறவன் தான் தப்பு, நீ ஹோம்வொர்க் பண்றன்னாங்க. ஆனாலும் அடுத்த லெவலுக்கு மொத வாரம் நான் பதியல, கடைசி நாள் எடம் மிச்சம் இருந்தா பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். ஆகஸ்ட்ல ஆரம்பிக்குது, பீஸ் 210 ஆக்கிட்டாங்க, கொக்கி இன்னும் கட்டமா தான் தெரியுது, நேத்து கூட தெறந்து பாத்தேன்.